மூன்று நடுவர் சுற்று: டையோடு கேட்டுகளை அடுத்தடுத்து இணைத்தால் வெளியீடு 2.2 வோல்ட்டோடு நின்றுவிடுவது ஏன்?

கேள்வி
பதிவிட்டவர்: கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். லாஜிக் கேட்டுகளைப் பற்றிய பாடம் வரும்போது, பலகையில் குறியீட்டையும் உண்மை அட்டவணையையும் எழுதிவிட்டு, ஆய்வகத்தில் பதினான்கு கால்கள் கொண்ட ஓர் ஐசியைக் கையில் கொடுத்து அட்டவணையைச் சரிபார்க்கச் சொல்வதே இதுவரை வழக்கமாக இருந்தது. அந்தச் சிறிய கறுப்புத் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்பது மாணவர்களுக்குக் கடைசிவரை தெரியாமலேயே போய்விடுகிறது என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே இந்த ஆண்டு டையோடுகளையும் மின்தடையாக்கிகளையும் மட்டும் கொடுத்து, ஆர் கேட்டையும் (ஓர் உள்ளீடேனும் உயர்ந்திருந்தால் வெளியீடு உயரும்) ஆண்ட் கேட்டையும் (எல்லா உள்ளீடுகளும் உயர்ந்திருந்தால்தான் வெளியீடு உயரும்) பிரெட்போர்டில் அவர்களையே கட்டச் சொன்னேன்.

தனித்தனியாகக் கட்டியபோது இரண்டும் சரியாகவே இயங்கின. ஆர் கேட்டில் இரண்டு டையோடுகளின் ஆனோடுகளை உள்ளீடுகளாக வைத்து, கோடு போட்ட முனைகளான கேத்தோடுகளை ஒன்றாகச் சேர்த்து, அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டோம். ஏதேனும் ஓர் உள்ளீடு 5 வோல்ட்டில் இருந்தால் வெளியீட்டில் 4.4 வோல்ட் கிடைத்தது. ஆண்ட் கேட்டில் டையோடுகளைத் திருப்பி வைத்து, ஆனோடுகளை ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் போட்டோம். இரண்டு உள்ளீடுகளும் 5 வோல்ட்டில் இருந்தால் வெளியீடு 5 வோல்ட். ஒன்று கிரவுண்டுக்குப் போனாலும் 0.6 வோல்ட்.

அடுத்ததாக, மூன்று நடுவர்களில் இருவரேனும் ‘ஆம்’ என்றால் விளக்கு எரிய வேண்டும் என்ற சுற்றைக் கட்டினோம். அ, ஆ, இ என்ற மூன்று சுவிட்சுகள். அ-ஆ, ஆ-இ, இ-அ என்ற மூன்று இணைகளுக்கு மூன்று ஆண்ட் கேட்டுகள். அவற்றின் வெளியீடுகளைச் சேர்க்க மூன்று டையோடுகள் கொண்ட ஓர் ஆர் கேட். மொத்தம் ஒன்பது டையோடுகள், நான்கு மின்தடையாக்கிகள், எல்லாமே 10 கிலோ ஓம். சுவிட்ச் ஒன்றை மட்டும் போட்டால் வெளியீடு 0.15 வோல்ட் அளவில் இருக்கிறது; அதில் குறையில்லை. இரண்டைப் போட்டால் 4.4 வோல்ட்டை எதிர்பார்த்த இடத்தில் 2.2 வோல்ட்தான் வருகிறது. மூன்றையும் போட்டால் 3.3 வோல்ட் ஆகிறது. சிவப்பு எல்.இ.டி. ஒன்றை 330 ஓம் வழியாக இணைத்தால் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு மங்கலாக எரிகிறது. மூன்றாவது சுவிட்சையும் போட்டால் சற்றுக் கூடுகிறது. “மூன்று பேரும் சொன்னால் ‘ஆம்’ இன்னும் பலமாகிவிடுமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

டையோடு பழுதோ என்று எண்ணி ஒன்பதையும் மல்டிமீட்டரில் சோதித்தேன். 1என்4007 போட்டிருந்த இடத்தில் 1என்4148 போட்டும் பார்த்தேன். எண்கள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. மின்வழங்கி பழைய கைப்பேசிச் சார்ஜர்; அளந்தால் சரியாக 5.0 வோல்ட் காட்டுகிறது. சுவிட்சுகள் மூன்று கால் கொண்ட இருவழிச் சுவிட்சுகள். ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் கிரவுண்டு.

இந்த 2.2, 3.3 எங்கிருந்து வருகின்றன என்பது முதல் கேள்வி. இதே முறையில், அதாவது டையோடும் மின்தடையாக்கியும் மட்டும் கொண்டு, அடுத்த வாரம் அரைக்கூட்டியை (இரண்டு ஓரிலக்க இரும எண்களைக் கூட்டும் சுற்று) கட்ட முடியுமா என்பது இரண்டாவது.


மறுமொழி
பதிவிட்டவர்: செப்புத்தடம்

வணக்கம் ஐயா. உங்கள் டையோடுகள் நன்றாக இருக்கின்றன, இணைப்பும் சரியாகவே இருக்கிறது. நீங்கள் தந்திருக்கும் 2.2, 3.3 என்ற இரண்டு எண்களே நடந்ததை முழுமையாகச் சொல்லிவிடுகின்றன. அவ்வளவு கவனமாக அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி.

உயர்ந்த மின்னழுத்தத்தை 1 என்றும் தாழ்ந்ததை 0 என்றும் கொள்வோம். ஆண்ட் கேட்டின் வெளியீடு எப்போது 1 ஆகிறது என்று பாருங்கள். இரண்டு உள்ளீடுகளும் 5 வோல்ட்டில் இருக்கும்போது இரண்டு டையோடுகளும் கடத்துவதில்லை. அப்போது வெளியீட்டைத் தாங்கிப் பிடிப்பது மேலே உள்ள 10 கிலோ ஓம் மட்டுமே. கீழே இழுக்க யாரும் இல்லாததால் நிற்கிற 1 அது. நீங்கள் தனியாக அளந்தபோது மல்டிமீட்டர் அதிலிருந்து மின்னோட்டம் ஏதும் எடுக்காததால் முழு 5 வோல்ட்டையும் காட்டியது. மாறாக, அதன் 0 வலிமையானது. ஏனெனில் சுவிட்ச் நேரடியாக டையோடு வழியாகக் கிரவுண்டுக்கு இழுக்கிறது. ஆர் கேட்டில் இது தலைகீழ்: 1 டையோடு வழியாக வருவதால் வலிமையானது, 0 கீழே உள்ள மின்தடையாக்கியால் மட்டும் நிற்பதால் மெலிந்தது.

உங்கள் சுற்றில் ஆண்ட் கேட்டின் மெலிந்த 1, ஆர் கேட்டின் 10 கிலோ ஓமைத் தூக்க வேண்டியிருக்கிறது. அ, ஆ இரண்டும் போடப்பட்டிருக்கும்போது மின்னோட்டம் செல்லும் வழி இதுதான்: 5 வோல்ட்டிலிருந்து ஆண்ட் கேட்டின் 10 கிலோ ஓம், பிறகு ஆர் கேட்டின் டையோடு, பிறகு ஆர் கேட்டின் 10 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டு. டையோடுக்கு 0.6 வோல்ட் போக மீதி 4.4 வோல்ட்டை இரண்டு சம மின்தடையாக்கிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பாதிக்குப் பாதி, 2.2 வோல்ட்.

மூன்று சுவிட்சுகளையும் போட்டால் மூன்று ஆண்ட் கேட்டுகளும் 1 ஆகின்றன. மூன்று 10 கிலோ ஓம்களும் அவற்றின் டையோடுகள் வழியாக ஒரே இடத்துக்கு மின்னோட்டம் தருவதால், அவை பக்க இணைப்பில் இருப்பதாகக் கொள்ளலாம், மதிப்பு 3.33 கிலோ ஓம். 4.4 வோல்ட்டில் 13.33-இல் 10 பங்கு என்றால் 3.3 வோல்ட். ஆகவே அந்த மாணவியிடம், இந்தச் சுற்றைப் பொறுத்தவரை அவள் சொன்னது உண்மை என்று சொல்லுங்கள். மூவர் சேர்ந்து தூக்கும்போது ‘ஆம்’ பலமாகத்தான் ஆகிறது. நல்ல லாஜிக் சுற்றில் அப்படி ஆகக் கூடாது. எத்தனை பேர் சொன்னாலும் 1 என்பது ஒரே அளவில் நிற்க வேண்டும். இங்கே அது நிற்காததற்குக் காரணம், டையோடு மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுத்துக் கடத்துகிறதே தவிர, இறங்கிவிட்ட மின்னழுத்தத்தை மீண்டும் ஏற்றிக் கொடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதுதான்.

சரிசெய்யும் வழி மின்தடையாக்கிகளின் விகிதத்தில் இருக்கிறது. ஆண்ட் கேட்டுகளுக்கு 1 கிலோ ஓமும், ஆர் கேட்டுக்கு 10 கிலோ ஓமும் போட்டால், 4.4 வோல்ட்டில் பதினொன்றில் பத்துப் பங்கு, அதாவது 4.0 வோல்ட் கிடைக்கும். ஆர் கேட்டுக்கு 100 கிலோ ஓம் போட்டால் ஏறத்தாழ 4.36 வோல்ட். இதற்கு ஒரு விலை உண்டு. ஓர் ஆண்ட் கேட் 0 நிலையில் இருக்கும்போதெல்லாம் அதன் 1 கிலோ ஓம் வழியாக 4.4 மில்லி ஆம்பியர் வீணாக ஓடுகிறது. மூன்றும் 0 என்றால் 13 மில்லி ஆம்பியர். சார்ஜருக்கு அது பெரிதல்ல. பேட்டரியில் ஓட்டினால் யோசிக்க வேண்டும்.

இன்னொரு நிலையையும் சேர்க்க நினைத்தால் சிக்கல் வளரும். ஆர் கேட்டுக்குப் பின் ஓர் ஆண்ட் கேட் வந்தால், இப்போது ஆர் கேட்டின் மெலிந்த 0, ஆண்ட் கேட்டின் மேல் மின்தடையாக்கியைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும்; ஆகவே அந்த மின்தடையாக்கி ஆர் கேட்டினுடையதைக் காட்டிலும் பத்து மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். 1 கிலோ, 10 கிலோ, 100 கிலோ, 1 மெகா என்று வகை மாறும் ஒவ்வொரு நிலைக்கும் பத்து மடங்கு ஏறிக்கொண்டே போகும். மெகா ஓம்களை எட்டியபின் பிரெட்போர்டின் சிறு மின்தேக்கமே வெளியீட்டை மந்தமாக்கிவிடும்; விரலால் தொட்டால்கூட அளவு மாறும். ஒரே வகைக் கேட்டுகளை அடுக்கினால் இந்த விகிதச் சிக்கல் வராது. ஆனால் ஆர் கேட்டுக்குப் பின் ஆர் கேட் என்று வைக்கும்போது 4.4, 3.8, 3.2 என்று ஒவ்வொன்றும் 0.6 வோல்ட்டைத் தின்றுகொண்டே போகும்.

உங்கள் சுற்றில் 0 மட்டும் ஏன் அழகாக 0.15-இல் நிற்கிறது என்பதையும் மாணவர்களுக்குக் காட்டலாம். ஆண்ட் கேட் தன் 0-வை 0.6 வோல்ட்டுக்கு ஏற்றிவிடுகிறது. பின்னால் வரும் ஆர் கேட்டின் டையோடு ஏறக்குறைய அதே அளவை இறக்கிவிடுகிறது. இரண்டு குறைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எல்.இ.டி.யைப் பொறுத்தவரை, அதற்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் ஆண்ட் கேட்டின் 10 கிலோ ஓம் வழியாகத்தான் வர வேண்டும். 5-இலிருந்து டையோடின் 0.6, எல்.இ.டி.யின் 1.8 போக மீதி 2.6 வோல்ட், அதை 10 கிலோ ஓமால் வகுத்தால் கால் மில்லி ஆம்பியர். மங்கலாக எரிந்ததில் வியப்பில்லை. 1 கிலோ ஓமுக்கு மாற்றினால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு சுவிட்சுக்கும் மூன்று சுவிட்சுக்கும் வெளிச்சம் வேறுபடுவது தொடரும். அது ஒரே சீராக வேண்டுமென்றால் கடைசியில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டரை வைத்துவிடுங்கள். அதன் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். ஆர் கேட்டின் வெளியீட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாகப் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம், எல்.இ.டி., கலெக்டர். எல்.இ.டி.க்குச் சுமார் 9 மில்லி ஆம்பியர் கிடைக்கும். பேஸுக்கு வேண்டியது அதில் நூறில் ஒரு பங்குதான்.


மறுமொழி
பதிவிட்டவர்: ஈயப்பற்று

மேலே செப்புத்தடம் அவர்கள் சொன்னது முழுவதும் சரி. சுவிட்சுகள் குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். ஆசிரியர் இருவழிச் சுவிட்ச் பயன்படுத்தியதால் தப்பித்தார், ஆனால் இதைப் படித்துவிட்டு அழுத்துப் பொத்தான்களை வைத்துக் கட்டுபவர்கள் நிச்சயமாக மாட்டிக்கொள்வார்கள். நான் முதன்முதலில் இதே சுற்றைக் கட்டியபோது ஒரு மாலை முழுவதையும் இதில்தான் இழந்தேன்.

பொத்தானின் ஒரு காலை 5 வோல்ட்டிலும் மறுகாலை கேட்டின் உள்ளீட்டிலும் இணைத்து, அழுத்தாதபோது ஒன்றும் இணைக்காமல் விட்டால், ஆர் கேட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்ட் கேட்டோ 1 என்று எடுத்துக்கொள்ளும். தொங்கும் உள்ளீட்டில் டையோடு கடத்தாது, கடத்தாத டையோடு ஆண்ட் கேட்டுக்கு 1 என்றே பொருள். சரி, உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டுவிடலாம் என்று தோன்றும். நான் அதைத்தான் செய்தேன். நடுவர் சுற்றில் ஒவ்வோர் உள்ளீடும் இரண்டு ஆண்ட் கேட்டுகளுக்குப் போகிறது. மற்ற இரண்டு பொத்தான்களும் அழுத்தப்பட்டிருக்கும்போது, அந்த இரண்டு கேட்டுகளின் 10 கிலோ ஓம்களும் சேர்ந்து 5 கிலோ ஓமாக மேலே இழுக்கின்றன. கீழே 10 கிலோ ஓம். உள்ளீடு 2.9 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. கேட்டின் வெளியீடு 3.5 வோல்ட். அழுத்தாத பொத்தான் ஏறத்தாழ அழுத்திய பொத்தானாகவே கணக்கில் வந்துவிடுகிறது.

ஆண்ட் கேட்டுகளுக்கு 1 கிலோ ஓம் என்று இப்போது மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்: அதே உள்ளீடு 4.2 வோல்ட்டில் நிற்கும். கீழ் மின்தடையாக்கியை 100 ஓமாகக் குறைத்தாலும் 0.7 வோல்ட் மிஞ்சும். பொத்தானை அழுத்தும்போது 50 மில்லி ஆம்பியர் வேறு வீணாகும். ஆகவே உள்ளீட்டை 5 வோல்ட்டுக்கோ கிரவுண்டுக்கோ உறுதியாகக் கட்டுகிற இருவழிச் சுவிட்சே இந்தச் சுற்றுக்கு ஏற்றது. இருவழிச் சுவிட்ச் இல்லாவிட்டால், ஒரு கம்பியைக் கையால் மாற்றி மாற்றிச் செருகுவதுகூடப் பொத்தானைவிட மேல்.


மறுமொழி
பதிவிட்டவர்: திருப்புளி

ஆசிரியரின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அரைக்கூட்டியில் மிகுதி (அடுத்த இலக்கத்துக்குப் போவது) என்பது ஆண்ட் கேட்தான், அதைக் கட்டலாம். கூட்டுத்தொகை எக்ஸார் (இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் கேட்), அதைக் கட்ட முடியாது. இது உறுப்புகளின் தரத்தாலோ திறமைக் குறைவாலோ வருவதல்ல. டையோடும் மின்தடையாக்கியும் கொண்ட இத்தகைய சுற்றில் ஏதேனும் ஓர் உள்ளீட்டின் மின்னழுத்தத்தை உயர்த்தினால், வெளியீடு உயரும் அல்லது அப்படியே இருக்கும், ஒருபோதும் இறங்காது. ஆண்ட் கேட்டுக்கும் ஆர் கேட்டுக்கும் இது பொருந்தும். அவற்றை எப்படிக் கோத்தாலும் பொருந்தும். நடுவர் சுற்றும் அப்படிப்பட்டதே: ஒருவர் கூடுதலாக ‘ஆம்’ சொல்வதால் தீர்ப்பு ‘இல்லை’ ஆகிவிடாது. எக்ஸாரில் அப்படியல்ல. ஓர் உள்ளீடு 1 ஆக இருக்கும்போது மற்றொன்றும் 1 ஆனால் வெளியீடு 0-வுக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்தை உண்டாக்க, 1-ஐ 0-வாகவும் 0-வை 1-ஆகவும் மாற்றும் நாட் கேட் வேண்டும். நாட் கேட்டுக்கு டிரான்சிஸ்டர் போன்ற ஒன்று வேண்டும்.

ஆனால் ஒரு நல்ல மாற்று வழி இருக்கிறது, அது வகுப்புக்கு மிகவும் ஏற்றது. ஒவ்வோர் உள்ளீட்டையும் அதன் எதிர்நிலையோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் டையோடுகள் போதும். ஆறு கால் கொண்ட இரட்டை இருவழிச் சுவிட்சை எடுத்து, ஒரு வரிசையை 5 வோல்ட்-கிரவுண்டு என்றும், மறு வரிசையைத் தலைகீழாகவும் இணைத்தால், ஒரே சுவிட்சிலிருந்து ‘அ’வும் ‘அ அல்ல’ என்பதும் ஒருங்கே கிடைக்கும். பிறகு, அ உண்டு ஆ இல்லை என்பதற்கு ஓர் ஆண்ட் கேட். ஆ உண்டு அ இல்லை என்பதற்கு மற்றோர் ஆண்ட் கேட். இரண்டையும் சேர்க்க ஓர் ஆர் கேட். கூட்டுத்தொகைக்கு ஆறு டையோடுகள், மிகுதிக்கு இரண்டு, ஆக எட்டு. மின்தடையாக்கிகளின் விகிதம் மேலே சொன்னபடியே.

டிரான்சிஸ்டர் விலை உயர்ந்திருந்த காலத்திலும், அதற்கு முன் வெற்றிடக் குழல்களின் காலத்திலும் கணினிகளை இந்த எண்ணத்தின் மீதுதான் கட்டினார்கள். 1950-இல் வாஷிங்டனில் அமெரிக்க தேசியத் தர நிறுவனம் இயக்கத்துக்குக் கொண்டுவந்த சீயாக் கணினியில் சுமார் 10,500 ஜெர்மானியம் டையோடுகள் இருந்தன. தொடக்கத்தில் குழல்கள் 747 மட்டுமே. தேர்ந்தெடுக்கும் வேலையை டையோடுகள் செய்தன. மெலிந்துபோன குறிகைக்கு மீண்டும் உயிரூட்டும் வேலையைக் குழல்கள் செய்தன. ஒரு டையோடுக்கு இழையும் வெப்பமும் இல்லை, இடமும் சிறிது. ஆகவே எங்கெங்கு முடியுமோ அங்கெல்லாம் டையோடு, தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் குழல் என்று வைத்தார்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கட்டப்பட்டு 1960-இல் இயங்கத் தொடங்கிய டிப்ராக் கணினியிலும் 2,700 குழல்களோடு 1,700 ஜெர்மானியம் டையோடுகள் இருந்தன. மினிட்மேன் ஏவுகணையின் முதல் வகையில் வழிகாட்டிய டி-17பி கணினியில் 1,521 டிரான்சிஸ்டர்களுக்கு 6,282 டையோடுகள். ஒன்றுக்கு நான்குக்கும் மேல். மாணவர்கள் பிரெட்போர்டில் செய்திருப்பது ஒரு பொம்மைச் சுற்று என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன்.

பிறகு வந்த டையோடு-டிரான்சிஸ்டர் லாஜிக், செப்புத்தடம் அவர்கள் சொன்ன பிசி547-ஐ ஒவ்வொரு கேட்டின் முடிவிலும் வைத்ததன் விளைவு. ஆண்ட் கேட்டுக்குப் பின் ஒரு டிரான்சிஸ்டர் வந்தால் கலெக்டரில் நாண்ட், அதாவது ஆண்டின் தலைகீழ், கிடைக்கும். நாண்ட் கிடைத்துவிட்டால் எந்தச் சுற்றையும் கட்டலாம். அதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்ட் கேட்டின் 0 என்பது 0.6 அல்லது 0.7 வோல்ட், டிரான்சிஸ்டரின் பேஸ் திறப்பதும் அதே அளவில்தான். நேரடியாக இணைத்தால் 0 நிலையிலேயே டிரான்சிஸ்டர் பாதி கடத்தத் தொடங்கிவிடும். அதனால் ஆண்ட் கேட்டுக்கும் பேஸுக்கும் இடையில் இரண்டு டையோடுகளைத் தொடராக வைத்து, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு மின்தடையாக்கியும் போடுவார்கள். அப்போது உள்ளீடு ஏறக்குறைய 1.4 வோல்ட்டைத் தாண்டினால்தான் நிலை மாறும். 0-வுக்கும் 1-க்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைக்கும். ஆசிரியரின் நடுவர் சுற்றில் ஆர் கேட்டின் டையோடே இதில் ஒரு டையோடின் வேலையைச் செய்துவிடுவதால், அங்கே பிசி547-ஐத் தயங்காமல் இணைக்கலாம்.


மறுமொழி
பதிவிட்டவர்: ஈயப்பற்று

திருப்புளி அவர்களின் விளக்கத்துக்கு ஒரு சிறு துணைக்குறிப்பு. எதிர்நிலை உள்ளீடுகள் இல்லாமலேயே எக்ஸாரைக் கண்ணுக்குக் காட்ட ஒரு வழி உண்டு. நான்கு டையோடுகளைப் பாலத் திருத்தியாக இணைத்து, மாறுமின்னோட்டம் கொடுக்கும் இரண்டு முனைகளில் அ, ஆ உள்ளீடுகளைக் கொடுங்கள். கூட்டல், கழித்தல் முனைகளுக்கு இடையே எல்.இ.டி.யையும் 330 ஓமையும் வையுங்கள். இரண்டு உள்ளீடுகளும் ஒன்றாக இருந்தால் மின்னழுத்த வேறுபாடு இல்லை, விளக்கு எரியாது. வேறுபட்டால், எது உயர்ந்திருந்தாலும், பாலம் திசையைச் சரிசெய்து எல்.இ.டி.க்கு 5 மில்லி ஆம்பியர் அளவில் தந்துவிடும். எல்.இ.டி. ஒரே திசையில் கடத்துவதால்தான் பாலமே தேவைப்படுகிறது. அதன் இடத்தில் ஒரு டார்ச் பல்பை இரண்டு சுவிட்சுகளின் நடுக்கால்களுக்கு இடையே வைத்தால் ஒரு டையோடுகூட வேண்டாம். மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கிற இணைப்பும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

திருப்புளி அவர்கள் சொன்னதற்கு இது முரணாகாது. இங்கே வெளியீடு கிரவுண்டைப் பொறுத்து அளக்கப்படுவதில்லை; பாலத்தின் இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் இருக்கிறது. ஆகவே விளக்காகப் பார்க்கலாம், அடுத்த கேட்டுக்கு உள்ளீடாகக் கொடுக்க முடியாது. அரைக்கூட்டியின் கூட்டுத்தொகையையும் மிகுதியையும் இரண்டு விளக்குகளாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் இது போதும். முந்தைய இலக்கத்தின் மிகுதியையும் சேர்த்துக் கூட்டும் முழுக்கூட்டிக்குப் போனால் ஆறு கால் சுவிட்ச் வழியோ டிரான்சிஸ்டரோதான்.


மறுமொழி
பதிவிட்டவர்: கரும்பலகை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மதியம் மாணவர்களோடு செய்து பார்த்தேன்.

ஆண்ட் கேட்டுகளுக்கு 1 கிலோ ஓமும் ஆர் கேட்டுக்கு 100 கிலோ ஓமும் போட்டோம். இரண்டு சுவிட்சுக்கு 4.45 வோல்ட், மூன்றுக்கு 4.53 வோல்ட். ஒரே சுவிட்ச் போட்டால் 0.3 வோல்ட். பிசி547 இணைத்தபின் விளக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே அளவில் எரிகிறது. கேள்வி கேட்ட மாணவியிடமே 10 கிலோ ஓம் கணக்கைப் பலகையில் போடச் சொன்னேன், 3.3 என்ற விடை வந்ததும் அவள் முகத்தில் தெரிந்த நிறைவை நான் வெகு நாட்கள் மறக்க மாட்டேன். அரைக்கூட்டிக்கு ஆறு கால் சுவிட்சுகளை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். பாலத்தை அதே நாளில் பக்கத்திலேயே கட்டி, எட்டு டையோடு வழியோடு ஒப்பிட்டுக் காட்டப் போகிறேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. செப்புத்தடம் அவர்கள் 4.36 வோல்ட் என்று கணக்கிட்டிருந்தார்கள். எங்களுக்கு அதைவிடக் கூடுதலாக வருகிறது. இரண்டு சுவிட்சுக்கும் மூன்று சுவிட்சுக்கும் இடையே 0.08 வோல்ட் வேறுபாடும் இன்னும் மிஞ்சியிருக்கிறது. மின்தடையாக்கிகளின் விகிதத்தால் மட்டும் அவ்வளவு வருமா?


மறுமொழி
பதிவிட்டவர்: செப்புத்தடம்

வராது ஐயா, மீதிக்குக் காரணம் நான் 0.6 வோல்ட் என்று உருட்டிச் சொன்னதுதான். டையோடின் இறக்கம் நிலையான எண்ணன்று, அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. 1என்4148-இல் மின்னோட்டம் பத்து மடங்கு குறைந்தால் இறக்கம் ஏறத்தாழ 0.1 வோல்ட் குறையும். உங்கள் புதிய சுற்றில் ஆர் கேட்டின் டையோடில் ஓடுவது 45 மைக்ரோ ஆம்பியர் அளவே. அந்த அளவில் இறக்கம் 0.6 இல்லை, 0.5. 1 கிலோ ஓமில் 0.045 வோல்ட் போகிறது. இரண்டையும் 5-இலிருந்து கழித்தால் நீங்கள் அளந்த 4.45 வந்துவிடும்.

மூன்று சுவிட்சுகளும் போடப்பட்டால் அதே 45 மைக்ரோ ஆம்பியரை மூன்று டையோடுகள் பகிர்ந்துகொள்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 15. மூன்றில் ஒன்றாகக் குறைந்ததால் டையோடின் இறக்கம் 0.05 வோல்ட் குறைகிறது. 1 கிலோ ஓமில் போகும் 0.045 வோல்ட்டும் 0.015 ஆகிவிடுவதால் இன்னொரு 0.03 மிச்சமாகிறது. இரண்டும் சேர்ந்தால் உங்கள் 0.08.

இதைத் தனியே காட்ட விரும்பினால் ஒரே ஒரு டையோடை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே முன்னோக்குச் சார்பில் (ஆனோடு 5 வோல்ட் பக்கமாக) வைத்து, தொடராக 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, டையோடின் இரு முனைகளுக்கு இடையே அளக்கச் சொல்லுங்கள். 0.7, 0.6, 0.5 என்ற வரிசைக்கு மிக நெருக்கமாக மூன்று எண்கள் கிடைக்கும். 1என்4007-இலும் இதே சோதனையைச் செய்து இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அது பெரிய மின்னோட்டத்துக்கென்று செய்த டையோடு என்பதால் எண்கள் சற்றுக் கீழே இருக்கும்.